பொனேர் தீவுக்கு விசா வேண்டாம். ஆனால் செல்லும் வழியில் கவனம் தேவை

கரீபியன் கடலில் வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கும் சிறிய தீவு பொனேர். நெதர்லாந்தின் ஆட்சிக்கு உட்பட்ட இத்தீவு, முக்குளிப்புக்கும் பவளப் பாறைகளுக்கும் பெயர் பெற்றது. மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போர் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு அங்கு விசா இல்லாமல் செல்லலாம். திரும்பி வரும் பயணச்சீட்டும் செலவுக்குப் போதிய பணமும் இருக்க வேண்டும்.

சிக்கல் தீவில் இல்லை, செல்லும் வழியில்தான் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பொனேருக்கு நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகச் சென்றால், அங்கு விமானம் மாறுவோரும் குடிநுழைவுச் சோதனையைக் கடந்தாக வேண்டும். அதனால் மலேசியர்களுக்கு அமெரிக்க விசா கட்டாயம். அதன் விண்ணப்பக் கட்டணமே 185 டாலர். விசா கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. சிங்கப்பூரர்களுக்கு விசா தேவையில்லை என்றாலும், 'எஸ்டா' எனும் இணைய அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.

ஆம்ஸ்டர்டாம் வழியாகச் செல்வோருக்கு இந்தத் தொல்லை இல்லை. விமான நிலையத்தை விட்டு வெளியேறாமலே அங்கு பொனேர் விமானத்துக்கு மாறிக்கொள்ளலாம். மலிவாக இருக்கிறதே என்று அமெரிக்கா வழிச் சீட்டை வாங்கிவிட்டு, விசா இல்லாமல் போனால் புறப்படும் இடத்திலேயே விமான நிறுவனம் ஏற்றிக்கொள்ளாது.

அடுத்தது கட்டணம். இதில் இரண்டு வகை உண்டு.

முதலாவது நுழைவு வரி. 2022 ஜூலை முதல் வசூலிக்கப்படும் இது, 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 75 அமெரிக்க டாலர். 12 வயதுக்கு உட்பட்டோருக்கு 10 டாலர். இணையத்தில் முன்கூட்டியே செலுத்தினால் விமான நிலையத்தில் வரிசை மிச்சம்.

இரண்டாவது இயற்கைக் கட்டணம், தலைக்கு 40 டாலர். 1979இல் அமைக்கப்பட்ட பொனேர் கடல் பூங்காவில் நீந்துவோரும் முக்குளிப்போரும் இதைச் செலுத்த வேண்டும். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் கடல் பூங்காக் கட்டணம் செலுத்தியவர்களுக்கு இது புதிதல்ல. சிறு பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு.

நுழைவு வரியை ஒவ்வொரு முறை செல்லும்போதும் கட்ட வேண்டும். இயற்கைக் கட்டணமோ அந்த ஆண்டு டிசம்பர் முடியும்வரை செல்லும்.

பெற்றோர் இருவர், 15 வயதிலும் 9 வயதிலும் இரு பிள்ளைகள் என நால்வர் செல்வதாக வைத்துக்கொள்வோம். நுழைவு வரி 235 டாலர், இயற்கைக் கட்டணம் 120 டாலர். ஆக, தங்குமிடமும் சாப்பாடும் சேர்க்காமலே 355 டாலர். தீவில் புழங்குவதும் அமெரிக்க டாலர்தான்.

கட்டணங்கள் அவ்வப்போது மாறும் என்பதால், புறப்படும் முன் அதிகாரத்துவ இணையத்தளங்களில் சரிபார்ப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் முன்பாக, செல்லும் வழியை முடிவு செய்த பிறகே விமானச் சீட்டு வாங்க வேண்டும்.