யாருடைய ஆலோசனையில் நடக்கிறோம்?



நீதிமொழிகள் புஸ்தகத்தில் மூடனைக் குறித்து வாசிக்கும்போது, படிப்பில்லாத ஒருவனே நம்மில் பலருக்கு நினைவில் வருகிறான். வேதம் அப்படிச் சொல்லவில்லை. எபிரெய மொழியில் இதற்குப் பல வார்த்தைகள் உண்டு. அவற்றில் மூன்று முதலாம் அதிகாரம் 22-ஆம் வசனத்தில் சேர்ந்து வருகின்றன. 'பெத்தி' என்பவன் பேதை. திறந்திருத்தல் என்ற பொருளுள்ள வேர்ச்சொல்லோடு இதைச் சம்பந்தப்படுத்துவார்கள். கதவில்லாத வீட்டைப்போல, யார் எதைச் சொன்னாலும் உள்ளே விட்டுவிடுகிறவன். இவன் தேறுவான் என்ற நம்பிக்கை உண்டு. இவனுக்கு விவேகம் கொடுக்கவே அந்தப் புஸ்தகம் எழுதப்பட்டதென்று அதன் முகவுரை கூறுகிறது. 'கெசீல்' அப்படியல்ல, தன் வழியே சரியென்று உட்கார்ந்துவிட்டவன். மூன்றாமவன் 'லேத்ஸ்', பரியாசக்காரன். இவன் அநேகமாய்க் கெட்டிக்காரன், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். ஆகையால் இவனைச் சுற்றி எப்போதும் நாலுபேர் இருப்பார்கள்.

மதியீனத்தை எதைக்கொண்டு அடையாளம் காண்பது? செய்த தவறைக்கொண்டு அல்ல. தவறு ஞானியும் செய்கிறான். கடிந்துகொள்ளும்போது என்ன செய்கிறான் என்பதே சோதனை (நீதி. 9:7-9). நாபாலுக்கு 3000 ஆடுகளும் 1000 வெள்ளாடுகளும் இருந்தன. சம்பாதிக்கத் தெரியாதவன் என்று அவனைச் சொல்லமுடியாது. ஆனாலும், அவனிடத்தில் வாய்திறந்து பேசவே முடியாது என்பதுதான் அவன் வேலைக்காரன் அபிகாயிலிடம் சொன்ன குறை (1 சாமு. 25:17). ஆபத்து வருகிறதென்ற செய்திகூட வீட்டு எஜமானிடம் போகவில்லை, மனைவியிடம்தான் போயிற்று.

துணைவரைத் தெரிந்துகொள்வதிலோ நாம் இன்னும் எளிதாய் ஏமாறுகிறோம். 2 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். தாவீதின் குமாரன் அம்னோனுக்கு யோனதாப் என்று ஒரு சிநேகிதன். அவனும் தாவீதின் சகோதரனுடைய மகனே. அவனைத் தந்திரவாதி என்று நம் வேதாகமம் சொல்லும் இடத்தில், எபிரெயத்தில் இருப்பது ஞானி என்பதற்கு வழங்கும் அதே சொல்! அம்னோன் நாளுக்கு நாள் மெலிந்துபோவதைக் கவனித்து விசாரித்தவன் அவன்தான். எத்தனை அக்கறை! பிறகு, வியாதிக்காரனைப்போல் படுத்துக்கொள்ளும்படி யோசனை சொன்னான். குற்றமற்ற தாமாரின் வாழ்வு அந்தப் படுக்கையண்டையில் பாழாயிற்று. இரண்டு வருஷம் கழித்து அப்சலோம் அம்னோனைக் கொன்றான். ராஜகுமாரர் எல்லாரும் மடிந்தார்களென்று அரமனையில் அழுகுரல் எழும்ப, யோனதாப் நிதானமாக முன்வந்து, செத்தவன் அம்னோன் ஒருவனே என்றும், தாமாருக்கு அநியாயம் நடந்த நாளிலேயே அப்சலோம் இதைத் தீர்மானித்துவிட்டான் என்றும் ராஜாவுக்கு விளக்குகிறான். தன் நண்பனை முன்னமே எச்சரித்ததாக ஒரு வரியும் இல்லை.

இதற்கு முந்தின அதிகாரத்தில்தான் நாத்தான் தாவீதின் முகத்துக்கு நேரே அவன் பாவத்தை எடுத்துச் சொன்னான். ஒரே குடும்பம், இரண்டு ஆலோசகர்கள். 13-ஆம் அதிகாரத்துக்குப் பிறகு இந்த யோனதாபைப்பற்றிப் பேச்சே இல்லை. நாத்தானோ, தாவீது தள்ளாடிப் படுக்கையில் கிடக்கும் காலத்திலும் அவனிடம் வந்து நிற்கிறான் (1 இராஜா. 1).

அப்படியானால் கெட்டுப்போனவர்களை ஒதுக்கிவிடவேண்டுமா என்று சபையார் கேட்பதுண்டு. நம் ஆண்டவர் ஆயக்காரரோடு பந்தியிருந்தார். ஆனால் தம்மோடு இருந்த பேதுருவே சிலுவையைத் தவிர்க்கும்படி ஆலோசனை சொன்னபோது, கடுமையாய்த் தள்ளிவிட்டார் (மத். 16:23). யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பது ஒன்று. யாருடைய ஆலோசனையில் நடக்கிறோம் என்பது வேறு. இந்த வித்தியாசத்தை மறந்தால் நாம் பரிசேயராய்ப் போவோம், அல்லது யோனதாபின் கையில் அகப்படுவோம்.

குடிப்பழக்கத்துக்காகச் சிகிச்சை பெறுகிறவர்களிடம் வேலை செய்கிற எங்களுக்கு இது அன்றாடக் காரியம். மாத்திரை முடியுமோ என்பதல்ல, சாயங்காலம் வாசலில் வந்து பெயர்சொல்லிக் கூப்பிடப்போகிற கூட்டாளியே மனைவிமாரின் பயம். "ஒருநாள்தானே" என்பான், சாகிறவரையில் செலவும் அவனே கொடுப்பான். எனவே டிஸ்சார்ஜ் ஆகுமுன் ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்கிறேன்: உங்களைக் கடிந்துகொள்ள யாருக்கு அனுமதி கொடுப்பீர்கள்? ஒருவர் பெயர் சொல்லுங்கள். சிலர் வெகுநேரம் யோசிக்கிறார்கள். கடைசியில் அநேகமாய் வருகிற பெயர், வார்டில் சேருமட்டும் அவர்கள் சண்டைபோட்டுக்கொண்டிருந்த மனைவியுடையதாகவோ தாயாருடையதாகவோதான் இருக்கிறது.