பசுமைச் சான்றும் பணியாளர் வசதியும்

மின்சாரத்தையும் தண்ணீரையும் சிக்கனமாகச் செலவழித்து, கட்டுமானக் கழிவைக் குறைத்து, உள்ளே புழங்குவோரின் உடல்நலத்தையும் கருதித் திட்டமிடப்படுவது பசுமைக் கட்டடம். இந்தியாவில் இத்தகைய கட்டடங்களுக்குச் சான்று வழங்க 2001இல் இந்தியப் பசுமைக் கட்டடக் கழகம் தொடங்கப்பட்டது. ஹைதராபாத்தின் சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், அமெரிக்காவின் ‘லீட்’ முறையில் பிளாட்டினம் தரம் பெற்றது. 2004இல் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைத் திறந்து வைத்தார். மனை, நீர், மின்சிக்கனம், கட்டுமானப் பொருள், உட்புறச் சூழல் எனப் பல தலைப்புகளில் கிடைக்கும் புள்ளிகளைக் கூட்டியே சான்றின் தரம் முடிவாகிறது. பணியாளரின் வசதி இவற்றுள் ஒரு பகுதி மட்டுமே. அதனால் சான்று பெற்ற அலுவலகத்தில் இருப்பவர் மற்றவரைவிட நிறைவாக இருக்கிறாரா என்பதைத் தனியே ஆராய வேண்டியிருக்கிறது.

வசதி எதில் இருக்கிறது?

வெப்பம் உடலுக்கு இதமாக இருப்பதை ஆறு காரணிகள் தீர்மானிக்கின்றன: காற்றின் வெப்பநிலை, சுவரும் கூரையும் வீசும் வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம், உடை, வேலையின் கடுமை. அறைக் காற்று 27 டிகிரியில் இருந்தாலும், தலைக்கு மேல் வெயிலில் காய்ந்த தகரக் கூரை இருந்தால் உடல் புழுங்கும். வெளிச்சம், சத்தம், காற்றின் தூய்மை ஆகியவையும், மின்விசிறியையோ சன்னலையோ தாமே இயக்கும் உரிமையும் சேர்ந்துதான் பணியாளரின் மனநிறைவு உருவாகிறது.

ஆய்வுகள் காட்டுவது

ஆஸ்திரேலியாவின் சார்லஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகத்தில், இயற்கைக் காற்றோட்டம் உள்ள ஒரு பசுமைக் கட்டடத்தையும் வழக்கமான கட்டடங்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளியானது. பசுமைக் கட்டடம் கூடுதல் வசதியானது என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. அங்கிருந்தவர்கள் வெக்கையை அதிகம் உணர்ந்தார்கள். அப்படி உணர்ந்தவர்களே பணிச்சூழலையும் குறைவாக மதிப்பிட்டார்கள். 2013இல் வெளியான மற்றோர் ஆய்வு 144 கட்டடங்களில் 21,477 பேரின் பதில்களை அலசியது. அவற்றுள் 65 கட்டடங்கள் லீட் சான்று பெற்றவை. சான்று பெற்றவற்றில் காற்றின் தரத்தில் சிறிது கூடுதல் நிறைவும், வெளிச்சத்தின் அளவில் சிறிது குறையும் தெரிந்தன. மொத்தத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

வடிவமைப்பு மாறினால் முடிவும் மாறும் என்பதற்கு ஹைதராபாத் போச்சாரத்தில் உள்ள இன்போசிஸ் கட்டடம் எடுத்துக்காட்டு. 2011இல் பயன்பாட்டுக்கு வந்த அந்தக் கட்டடத்தின் ஒரு பாதியில் செம்மைப்படுத்திய வழக்கமான குளிர்சாதனம் அமைக்கப்பட்டது. ஒத்த அளவுள்ள மறுபாதியில், கான்கிரீட் தளத்துக்குள் பதித்த குழாய்களில் குளிர்ந்த நீர் ஓடுகிறது. அந்தப் பாதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தியது. அங்கே பணிபுரிந்தவர்களும் வெப்பநிலையில் கூடுதல் நிறைவு தெரிவித்தார்கள்.

எத்தனை டிகிரி போதும்?

அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உள்ளிட்ட ஐந்து இந்திய நகரங்களின் அலுவலகங்களில் ஆய்வு நடத்தி, இந்தியருக்கான வெப்ப வசதிக் கணக்கை உருவாக்கியது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பில் அது இடம்பெற்றது. அதன்படி, கடந்த 30 நாள் வெளி வெப்பநிலையின் சராசரி 33 டிகிரி என்றால், சன்னல் திறந்து இயங்கும் அலுவலகத்தில் சுமார் 30.7 டிகிரியே இதமானது. தேவைப்படும்போது மட்டும் ஏசி ஓடும் அலுவலகத்தில் அது சுமார் 27 டிகிரி. வெயிலுக்குப் பழகிய உடலுக்கு 22 டிகிரி குளிர் தேவையில்லை என்பது இதன் பொருள்.

ராணிப்பேட்டைக்குப் பொருந்துவது

இவற்றைத் தொழில் நிறைந்த ஒரு வட்டாரத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். 2019இல் வேலூரிலிருந்து பிரிந்த ராணிப்பேட்டை மாவட்டத்தில் சிப்காட் தொழிற்பேட்டையும், பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலையும், தோல் ஆலைகளும் உள்ளன. பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் இந்த வட்டாரத்தில் முதல் கவனம் கூரைக்கும் மேற்குச் சுவருக்கும் உரியது. வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு, சன்னலுக்கு வெளியே நிழல், மேற்கே படிக்கட்டும் கழிவறையும், வேலை செய்யும் இடத்தில் மின்விசிறி ஆகியவை குறைந்த செலவில் பெரும் பயன் தரும்.

காற்றுக்குத் தனிக் கணக்கு வேண்டும். தோல் ஆலைகளில் தோலின் முடியை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், பின்னர் அந்தச் சுண்ணாம்பை நீக்க அம்மோனியம் உப்புகளும் பயன்படுகின்றன. இவற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடும் அம்மோனியாவும் வெளிப்படக்கூடும். பினிஷிங் பிரிவில் கரைப்பான்களின் ஆவி எழும். ஆலையை ஒட்டிய அலுவலகத்தில் சன்னலைத் திறப்பது மட்டுமே தூய காற்றாகிவிடாது. தென்மேற்கு, வடகிழக்குப் பருவக்காற்றுகள் இரண்டையும் கருதி, நாற்றம் வராத பக்கத்தில் காற்று உள்ளிழுக்கும் வழி அமைய வேண்டும். தூசி வடிகட்டி வாயுவைப் பிடிக்காது; அதற்கெனப் பதப்படுத்திய கரி வடிகட்டி தேவை.

வெப்பம் குறைந்தால் உற்பத்தியும் கூடும். பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில் பழைய விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி பொருத்தியபோது, மின்செலவோடு விளக்குகளின் வெப்பமும் குறைந்தது. வெயில் கடுமையான நாள்களில் ஏற்படும் உற்பத்திச் சரிவும் தணிந்ததை ஆய்வு காட்டியது. அலுவலகத்துக்குக் கிடைக்கும் இதம் ராணிப்பேட்டை வட்டார ஷூ கம்பெனிகளின் தையல் கூடங்களுக்கும் கிடைக்க வேண்டும்; வெக்கையில் கூடுதலாக உழைப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

சான்றிதழ் பெரும்பாலும் வரைபடத்தையும் கருவிகளின் திறனையும் சரிபார்க்கிறது. பணியாளரின் நிறைவை, குடியேறிய பிறகே அளக்க முடியும். சித்திரை வெயிலில் ஒருமுறை, ஐப்பசி மழையில் ஒருமுறை என வெப்பம், காற்று, வெளிச்சம், சத்தம் பற்றி எல்லாப் பணியாளரிடமும் பெயர் கேட்காமல் கருத்துப் பெறுவதும், கிடைத்த குறைகளைப் பராமரிப்புத் திட்டத்தில் சேர்ப்பதும் நிர்வாகத்தின் கடமை. மின்கட்டணம், பணியாளரின் பதில் என்னும் இரண்டிலும் தேறும் கட்டடமே முழுமையான பசுமைக் கட்டடம்.

(தொடரும்)