தன்விவரக் குறிப்பில் விடுபடும் விவரங்கள்

கல்லூரிகளில் வளாக நேர்காணல் காலம் நெருங்கும்போது இறுதியாண்டு மாணவர்களிடம் முதலில் கேட்கப்படுவது தன்விவரக் குறிப்பு. 'பயோடேட்டா' என்றும் 'ரெஸ்யூமே' என்றும் வழங்கப்படும் இதைத் தயாரிக்க, சில ஆண்டுகளுக்கு முன்பு வரை மாணவர்கள் கணினி மையங்களை நாடினர். அங்கிருப்பவர், வேறு யாருக்கோ தட்டச்சு செய்த கோப்பைத் திறந்து, பெயரையும் மதிப்பெண்ணையும் மாற்றி அச்சிட்டுக் கொடுப்பார். தந்தை பெயர், மதம், திருமண நிலை, கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி. வரன் தேடும் குறிப்புக்கும் வேலை தேடும் குறிப்புக்கும் பெரிய வேறுபாடு இருந்ததில்லை.

இன்று இந்தப் பணியை இணையச் செயலிகள் எடுத்துக்கொண்டுள்ளன. கேன்வா, கூகுள் டாக்ஸின் மாதிரிப் படிவங்கள், ஐரோப்பிய ஒன்றியம் கட்டணமின்றி வழங்கும் யூரோபாஸ், பொறியியல் மாணவர்கள் விரும்பும் ஓவர்லீஃப் எனப் பல உள்ளன. கைப்பேசி மட்டுமே வைத்திருக்கும் கிராமப்புற மாணவியும் யாரையும் எதிர்பார்க்காமல் தன் குறிப்பைத் தானே எழுதலாம். ஒவ்வொரு வேலைக்கும் ஏற்பத் திருத்தலாம். இது சிறிய மாற்றமல்ல.

ஆனால், அழகிய வடிவமே நல்ல குறிப்பு என்ற மயக்கத்தையும் இந்தச் செயலிகள் உண்டாக்கிவிடுகின்றன. பல நிறுவனங்களில் விண்ணப்பம் முதலில் மென்பொருளுக்குள்தான் செல்கிறது. அது எழுத்துகளைப் பிரித்தெடுத்து, பெயர், படிப்பு, திறன் எனத் தனித்தனியே சேமிக்கிறது. பணியமர்த்தும் அலுவலர் தமக்குத் தேவையான சொற்களைக் கொண்டு தேடுகிறார். இரண்டு பத்திகளாகப் பிரிக்கப்பட்ட பக்கமும் படத்துக்குள் பதிந்த எழுத்தும் இந்த மென்பொருளைக் குழப்பக்கூடும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. தயாரித்த பிடிஎஃப் கோப்பில் உள்ள அனைத்தையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்க வேண்டும். வரிகள் முன்பின்னாக மாறியிருந்தால், அந்த வடிவத்தைக் கைவிடுவதே நல்லது. 'ஜாவா 70 சதவீதம், ஆங்கிலம் 80 சதவீதம்' என்று காட்டும் வண்ணப் பட்டைகளும் வேண்டாதவை. எதில் 70 சதவீதம் என்று கேட்டால் எவரிடமும் விடை இருக்காது.

பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முதற்பெயர், கடைசிப் பெயர் என இரண்டையும் கட்டாயமாகக் கேட்கும் தளங்கள் பல. நமக்கோ முன்னெழுத்தும் பெயரும்தான். ஒரு தளத்தில் தந்தை பெயரைக் கடைசிப் பெயராகவும், இன்னொன்றில் வெறும் முன்னெழுத்தையும் இடும் மாணவர், பின்னர் சான்றிதழ் சரிபார்ப்பின்போது விளக்கம் அளித்துக்கொண்டிருக்க நேரிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எங்கும் எழுதுவது பாதுகாப்பானது.

இவையெல்லாம் பழகினால் சரியாகிவிடும். பழகியும் சரியாகாத ஒன்று, காலியாகக் கிடக்கும் கட்டங்கள். 'உள்ளகப் பயிற்சி', 'செயல்திட்டம்', 'தலைமைப் பொறுப்பு' என்று செயலி கேட்கிறது. நகரத்துக் கல்லூரி மாணவருக்கு இவற்றை நிரப்ப வழிகாட்டிகள் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் மாணவி, எழுத ஏதுமில்லை என்று நகர்ந்துவிடுகிறார். அவர் விடுமுறை நாள்களில் மளிகைக் கடையில் இருப்புக் கணக்கு பார்த்திருக்கலாம். தாயின் மகளிர் சுய உதவிக் குழுவுக்கு மூன்று ஆண்டுகள் வரவு செலவு எழுதியிருக்கலாம். அதெல்லாம் வேலைக்கான குறிப்பில் இடம்பெறத் தகுந்தவை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. செயலியும் சொல்லாது.

காலிக் கட்டத்தை நிரப்ப இப்போது செயற்கை நுண்ணறிவு முன்வருகிறது. 'குழுவை முன்னின்று வழிநடத்தினேன், செயல்திறனை உயர்த்தினேன்' என்று ஆங்கிலத்தில் எழுதித் தருகிறது. நேர்காணலில், 'எந்தக் குழு, எப்படி உயர்த்தினீர்கள்?' என்ற இரண்டாவது கேள்வியிலேயே மாணவர் தடுமாறிப் போகிறார். உண்மையில் செய்த வேலையும் அந்தப் பொய்யோடு சேர்ந்து மதிப்பிழக்கிறது. எழுத்துப்பிழை திருத்தவும், நீண்ட வாக்கியத்தைச் சுருக்கவும் அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. விவரம் மாணவருடையதாக இருக்க வேண்டும், அவ்வளவே.

'இலவசம்' என்று அழைத்து, ஒரு மணி நேரம் தட்டச்சு செய்த பின், பதிவிறக்கக் கட்டணம் கேட்கும் தளங்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியுள்ளது. சிறு தொகையில் தொடங்கி மாதந்தோறும் பிடித்தம் செய்பவையும் உண்டு. அறிமுகமில்லாத தளத்தில் ஆதார் எண்ணையோ வீட்டு முகவரியையோ இட வேண்டிய தேவையே இல்லை.

தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட பிறகு, திறன் பயிற்சி அரசுக் கல்லூரிகளையும் எட்டியுள்ளது. அத்துடன், ஆசிரியர் மாணவருடன் அமர்ந்து பேசும் நேரத்தையும் கால அட்டவணையில் சேர்க்கலாம். 'கல்லூரி முடிந்ததும் மாலையில் என்ன செய்கிறாய்? அதில் பணம் கையாளுகிறாயா? தவறு நேர்ந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்?' என்று கேட்டால், 'சுய உதவிக் குழுவின் மாதாந்திரச் சேமிப்பு, கடன் கணக்குகளை மூன்று ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன்' என்ற வரி கிடைத்துவிடும். வணிகவியல் மாணவியின் குறிப்பில் இதைவிட வலுவான வரி இருக்க முடியாது.

இந்த உரையாடலுக்கு ஒருவருக்கு அரை மணி நேரமாவது ஆகும். அறுபது பேர் கொண்ட வகுப்புக்கு முப்பது மணி நேரம். நேர்காணலுக்கு முந்தைய வாரத்தில் அது கிடைக்காது. இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கினால் கிடைக்கும்.