திரைப்படமும் ஒரு பாடமா?

சென்ற ஆண்டு கல்விச் சுற்றுலாவாகச் செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியே மாமல்லபுரம் சென்றோம். அருச்சுனன் தபசுப் பாறையின் முன் எங்களை நிறுத்திய சிஸ்டர், "முதலில் பாறை முழுவதையும் பாருங்கள். பிறகு ஒரே ஓர் உருவத்தை மட்டும் பாருங்கள்" என்றார். ஒற்றைக் காலில் நின்று தவம் புரிகிறார் ஒருவர். சற்றுத் தள்ளி, யானையின் அருகே, அதே கோலத்தில் ஒரு பூனை, அதைச் சுற்றி எலிகள்! நாங்கள் சிரித்துவிட்டோம். "கோலம் ஒன்றுதான், பக்கத்தில் இருப்பது மாறியதும் பொருள் மாறிவிட்டது. சினிமாவின் அரிச்சுவடி இதுவே" என்றார் சிஸ்டர். சினிமா என்ற சொல்லைச் சிஸ்டர் வாயால் கேட்டதும் நாங்கள் அடைந்த வியப்பைச் சொல்லவும் வேண்டுமோ!

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் ருஷ்யாவில் குலஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தாராம். உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை, ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி இணைத்தார். பார்த்தவர்களோ முகத்தில் பசியையும் துயரத்தையும் கண்டார்களாம். இதை நாங்களும் சோதித்தோம். கடற்கரையில் எங்கள் தோழி ஒருத்தியைச் சும்மா நிற்கவைத்து, சிஸ்டரின் போனில் படம் எடுத்தோம். அதை ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவுக்குப் புளியோதரைப் பொட்டலத்தின் படத்தோடும், 'ஆ' பிரிவுக்கு ஆளில்லாத பஸ்ஸின் படத்தோடும் காட்டினோம். "அக்காவுக்குப் பசி" என்றது முதல் வகுப்பு. "அக்கா அழப் போகிறாள்" என்றது அடுத்தது. படம் என்னவோ ஒன்றே!

இத்தகைய விஷயங்களைக் கல்லூரியில் முறையாகப் படிக்கலாம் என்று பிறகுதான் அறிந்தோம். தொழிலாகவே கற்க விரும்புவோருக்குச் சென்னைத் தரமணியில், பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம், அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனம் உண்டு. புனாவில் பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960இல் தொடங்கிய நிறுவனமும் உண்டு. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா ஒளிப்பதிவு கற்றது அங்கேதான். கலைக் கல்லூரி வழி வேறு. ஏசு சபையார் 1925இல் நிறுவிய லயோலாவிலும், மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் விஷுவல் கம்யூனிகேஷன் என்னும் பட்டப்படிப்பு இருக்கிறது. அதில் காமிராவோடு மொழிப் பாடமும், ஓவியமும், விளம்பரமும், பத்திரிகையும் சேர்ந்தே வரும். கையைப் பழக்குவதோடு பார்க்கவும் யோசிக்கவும் பழக்குவது இந்த வழி. பதினேழு வயதில் இன்ன தொழில் என்று உறுதியாகாத எங்களைப் போன்றோருக்கு இதுவே ஏற்றது என்பது எங்கள் எண்ணம்.

"நல்ல குடும்பத்துப் பெண்கள் போகிற இடமா அது?" என்று எங்கள் வீடுகளில் கேட்கிறார்கள். அவர்கள் அச்சம் வீண் என்று சொல்லமாட்டோம். இரவு வேலையும், நிலையில்லாத வருமானமும் உள்ள தொழில்தான். ஆனால் டி.பி.ராஜலட்சுமி 1936லேயே 'மிஸ் கமலா' படத்தை இயக்கினார். 1985இல் 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் பி.ஆர்.விஜயலட்சுமி என்ற பெண்மணி. திருச்சபையும் இக்கலையை விலக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் சமூகத் தொடர்பு சாதனங்களைப் பற்றித் தனி ஏடே வெளியிட்டு, இவற்றில் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும் என்றது. தொலைக்காட்சிக்குப் பாதுகாவலி யார் தெரியுமா? மடத்தைவிட்டு வெளியே வராத புனித கிளாராம்மாள்! நோயால் திருப்பலிக்குப் போக முடியாத இரவில், அறைச் சுவரிலேயே அதைக் கண்டாராம்.

படத்தில் இருக்கும் தோழிக்கு இப்படிப்பின் மீது கொள்ளை ஆசை. அவள் அப்பாவோ நர்சிங் என்று முடிவு செய்துவிட்டார். பெற்றோர் தினத்தன்று நாங்கள் நான்கு பேர் துணிந்து அவரிடம் போனோம். வாதாட வாய் வரவில்லை. தோழியின் முகத்தையும் ஆளில்லாத பஸ்ஸையும் அடுத்தடுத்துக் காட்டினோம். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "என்னம்மா, உன்னை விட்டுட்டுப் போயிட்டாங்களா?" என்று மகளிடம் பதறிக் கேட்டார். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் மறுபடி வாங்கிப் பார்த்தார்.

"அந்தக் காலேஜில் ஹாஸ்டல் இருக்குதா?" என்றார்.