கணினிக்குள் ஓர் இருட்டறை

சென்ற வைகாசி மாதத்து விடியற்காலை ஒன்றில், உயர்தர வகுப்பிற் பயிலும் எம் பெறாமகன், நண்பனிடம் இரவல் வாங்கிய கமராவுடன் உப்புவெளிக் கடற்கரைக்குச் சென்றான். அவனுடைய அம்மப்பா அங்கே கரைவலை இழுப்போர் நடுவே நின்றிருந்தார். வயது எழுபத்தெட்டு. கயிறு பிடிக்கும் வலு இன்று இல்லையெனினும், மடி கரையேறும் வேளையில் அவர் அங்கு நில்லாதிருப்பதில்லை. அவர் வீட்டிலிருந்த பழைய படங்கள் யாவும் 2004 டிசெம்பர் 26ஆந் திகதி வந்த கடற்பெருக்கோடு போயின. ஆதலால் அவரை நல்ல படம் ஒன்று எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது வீட்டாரின் நெடுநாள் விருப்பம்.

பையன் படத்துடன் திரும்பினான். வானம் பொன்மயம், கடல் பொன்மயம், அம்மப்பாவின் முகமோ கரிக்கட்டை! கீழ்க்கரையில் வாழும் நமக்கு இது புதிதன்று. சூரியன் கடலிலிருந்து எழுகின்றான். கடலை நோக்கி எடுக்கும் காலைப் படத்தில் மனிதர் நிழலாகி விடுகின்றனர்.

“சித்தப்பா, இதை அழித்து விடட்டுமா?” என்றான்.

“பொறு தம்பி” என்றோம். கமராவின் நினைவு அட்டையில் அதே படம் இரண்டு வடிவில் இருந்தது. ஒன்று நாம் நாள்தோறும் காணும் ஜேபெக். மற்றது ‘றோ’ எனப்படும் மூலக்கோப்பு.

பிலிம் சுருட் காலத்தை அறிந்த பெரியோர்க்கு இதனை விளக்குவது எளிது. மூலக்கோப்பு நெகட்டிவ் போன்றது; ஜேபெக், கடைக்காரர் தம் விருப்பப்படி அச்சிட்டுக் கொடுத்த படம் போன்றது. ஒவ்வொரு நிறத்தின் ஒளியையும் ஜேபெக் 256 படிகளில் மட்டுமே குறிக்கும். 14 பிட் மூலக்கோப்போ 16,384 படிகளிற் குறிக்கும். கண்ணுக்குக் கருமையாகத் தோன்றும் முகத்திலும் கன்னமும் சுருக்கமும் பதிந்து கிடப்பது இதனாலேயே. ஆயினும் எல்லை உண்டு. அளவு மீறி வெளுத்துப் போன வானத்தில் மீட்பதற்கு எதுவும் இராது. எனவே நம் கரையிற் படமெடுப்போர் வானம் வெளுக்காதபடி எடுத்துவிட்டு, முகத்தின் இருளைப் பின்னர் நீக்குவதே தக்கது. மிகையாக நீக்கினால் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றும்.

அந்த நெகட்டிவைக் கழுவும் இருட்டறைதான் மென்பொருள். 1944இல் மறைந்த நம் நாட்டுக் கலைஞர் லயனல் வென்ட் இருட்டறையிற் செய்த நுட்பங்களைக் கண்டோர், படம் கமராவுக்குள் முடிந்துவிடுவதில்லை என்பதை உணர்வர்.

எந்த மென்பொருளைத் தேர்வது? கடைகளில் ஆளுக்கொரு பெயர் சொல்வர். தொடக்க மாணவன் பார்க்க வேண்டியது ஒன்றே என்பது எம் துணிபு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தல், நிறச் சமநிலையைத் திருத்தல், நிழலை மட்டும் தூக்குதல், ஜேபெக்காக வெளியேற்றுதல் என்னும் நான்கையும் புத்தகம் பாராமல் ஒரு மாலைப் பொழுதிற் செய்ய முடிகின்றதா? முடியாதெனில், எத்துணைப் புகழ் பெற்றதாயினும் அது இப்போதைக்கு உமக்கு ஆகாது.

முதலில் கமராவை ஆக்கிய கம்பனியின் மென்பொருளையே நாடுக. கனன், நிக்கோன், சோனி ஆகிய மூன்றும் இவற்றை இலவசமாக வழங்குகின்றன. நிக்கோனின் என்எக்ஸ் ஸ்டூடியோ 2021இல் வந்தது. நிறங்கள் கமராவின் திரையிற் கண்டபடியே அமைவது இவற்றின் சிறப்பு. பிற கம்பனிக் கமராவின் மூலக்கோப்புக்கு உதவாமை குறை.

இரவற் கமராக்காரனுக்கு இக்குறை பெரிது. அவனுக்கு றோதெரபியே ஏற்றது. ஹங்கேரி நாட்டுக் காபோர் ஹோர்வாத் தொடங்கிய இம்மென்பொருள் 2010 முதல் எவரும் இலவசமாகப் பெறும் பொதுச் சொத்தாயிற்று. கோப்பைத் திறந்தவுடன் கமரா காட்டிய தோற்றத்துக்கு ஏறத்தாழ ஒத்த தோற்றத்தை அது தானே அமைத்துக் கொடுப்பதால், புதியவன் மங்கிய படம் ஒன்றைக் கண்டு மனந்தளர்வதில்லை. செய்த திருத்தங்களை வரிசையாகக் காட்டும். வேண்டிய படிக்குத் திரும்பிச் செல்லலாம். விசைகள் மிகுதிதான். அவற்றுட் பெரும்பாலானவற்றை முதலாண்டில் தொடவேண்டியதில்லை. டார்க்டேபிளும் இலவசமே, ஆற்றலும் மிக்கதே. ஆனால் அதன் போக்கைப் பிடிபடச் செய்யச் சில வாரங்கள் வேண்டும்.

லைட்றூம் பழக இனிது. ஆனால் கட்டணம் தொடர்ந்து செலுத்த வேண்டும். நிறுத்தினால் படங்கள் நம்மிடமே இருக்கும், திருத்தும் பகுதி பூட்டப்படும். மாணவன் வீட்டுக்கு இது பாரம். ‘பூட்டு உடைத்த’ பிரதியை நூறு இருநூறு ரூபாவுக்குப் பதிந்து தருவோரும் உளர். அவ்வாறு பதிந்த ஒருவரின் கணினியில் வைரசு புகுந்து குடும்பப் படங்களையே விழுங்கியதை நேரிற் கண்டோம். கணினி இல்லாதோர் மனந்தளர வேண்டாம்: கைத்தொலைபேசி டிஎன்ஜி வடிவிற் படமெடுக்குமாயின், ஸ்னாப்சீட் அதனை இலவசமாகவே திறக்கும்.

இத்தனை வசதிக்கும் வழிவகுத்தவர்களுள் ஒருவரை ஈண்டு நினைத்தல் தகும். கம்பனிகள் தத்தம் மூலக்கோப்பின் அமைப்பை வெளியிடாதிருந்த காலத்தில், டேவ் கொஃபின் என்னும் அமெரிக்கர் 1997இல் ‘டிசிறோ’ என்ற சிறு நிரலை எழுதத் தொடங்கி, கமராவுக்குக் கமரா அப்புதிரை அவிழ்த்து எவர்க்கும் இலவசமாகக் கொடுத்தார். பின்னெழுந்த மென்பொருள்கள் பல அவர் இட்ட அடித்தளத்தில் நின்றவையே.

பையன் றோதெரபியில் அமர்ந்தான். வெளிச்சத்தைச் சிறிது கூட்டினான், நிழலைத் தூக்கினான். இருளினின்று அம்மப்பா வெளிப்பட்டார்: நரைத்த தாடி, உப்புக்காற்றிற் சுருங்கிய கண்கள், தோளில் நனைந்த துவாய். நாங்கள் பேசாதிருந்தோம். இத்தகைய மென்பொருள்கள் மூலக்கோப்பைத் தொடுவதில்லை, திருத்தக் குறிப்பைத் தனியே எழுதி வைக்கின்றன என்பதை அறிந்த பின்னரே அவனுக்கு அச்சம் நீங்கியது. அன்றிரவே கோப்பை இரண்டு வன்தட்டுகளிற் பிரதி செய்து, ஒன்றை ஊருக்குள்ளே மேட்டுநிலத்தில் உள்ள மாமி வீட்டில் வைத்தான்.

அச்சிட்ட படத்தை அம்மப்பா வெகுநேரம் பார்த்தார். “முகம் சரி தம்பி. ஆனால் விடியக்காலைக் கடல் இவ்வளவு மஞ்சளாய் இராது” என்றார். பையன் நாணத்துடன் மீண்டும் கணினி முன் அமர்ந்தான். நிறச் சமநிலையைச் சிறிது நீலத்தின் பக்கம் நகர்த்தி, “இப்போது?” என்று கேட்டான்.

“இன்னும் கொஞ்சம்” என்றார் அவர்.