10 ஆயிரம் டாலருக்கு விலைபோன காகிதங்கள்!

நாடகம் முடிந்ததும் சீன்கள் என்ன ஆகும்? படுதாவைச் சுருட்டுவார்கள். மரச்சட்டங்களைப் பிரிப்பார்கள். பழைய படுதாவின் மேலேயே புதுச் சாயம் பூசிவிடுவதும் உண்டு. நேற்று அரண்மனை, இன்று காடு!

ஆனால் ஒன்று மட்டும் தப்பிப் பிழைக்கும். அது ஒரு சிறு காகிதம்.

மேடை எப்படி இருக்க வேண்டும் என்று ஓவியர் முதலில் காகிதத்தில் வர்ணம் தீட்டிக் கொடுப்பார். அதில் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக்கிப் படுதாவில் எழுதுவார்கள். வேலையில் புழங்கிய காகிதம் அல்லவா? ஊசித் துளை, சாயத் துளி, பென்சில் குறிப்பு எல்லாம் இருக்கும். சேகரிப்பவர்களுக்கு அதுதான் பிடிக்கும். அசல் என்பதற்கு அதுவே சாட்சி!

நடனக்காரரின் பொக்கிஷம்

இவற்றைச் சேர்த்தவர்களில் ஒருவர் செர்ஜ் லிஃபார். கீவ் நகரில் பிறந்தவர். தியாகிலெவ் என்ற ரஷியரின் பாலே நாட்டியக் குழுவில் 1923-ல் சேர்ந்தார். தியாகிலெவ் லேசுப்பட்டவர் அல்ல. பிக்காஸோ, பிராக், மீரோ போன்ற பெரிய ஓவியர்களையே மேடைக்கு வேலை செய்ய வைத்தவர்! 1929-ல் அவர் இறந்தார். குழு கலைந்தது. லிஃபாரிடம் பல ஓவியங்கள் மிஞ்சின.

1933-ல் லிஃபார் தன் குழுவுடன் அமெரிக்கா போனார். ஓவியங்களும் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆனால் நாட்டியத்தில் வசூல் இல்லை. ஊர் திரும்பப் பணம் வேண்டுமே! பல வருஷம் காத்த பொக்கிஷத்தை விற்பதைத் தவிர வழி இல்லை.

வாங்குவது யார்? அமெரிக்காவில் பாங்குகள் பல மூடிய வருஷம் அது. ஹார்ட்ஃபோர்டு நகரின் வாட்ஸ்வர்த் காட்சிச்சாலைத் தலைவர் ஆஸ்டின் துணிந்தார். அவரே நாடகப் பித்தர். மேடையேறி மாயாஜாலம் செய்பவர். காகிதத்தின் அருமை அவருக்குத் தெரியாதா? மொத்தத்தையும் 10,000 டாலருக்குக் காட்சிச்சாலை வாங்கியது.

ஒவ்வொன்றாக விற்றிருந்தால் லிஃபாருக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். ஆனால் படங்கள் திசைக்கொன்றாகப் போயிருக்கும்.

நிஜின்ஸ்கி என்ற புகழ்பெற்ற நடனக்காரருக்காக 1912-ல் பாக்ஸ்ட் வரைந்த உடை ஓவியமும் அதில் உண்டு. உடம்பெல்லாம் புள்ளிகள், பறக்கும் துணி! நீர்வர்ணத்துக்கு வெளிச்சம் ஆகாது, சாயம் வெளுத்துவிடும். ஆகையால் இத்தகைய படங்களைச் சில மாதம் மாட்டிவிட்டு, மறுபடி இருட்டுப் பெட்டியில் வைத்துவிடுவார்கள்.