சுரங்கச் சாலையில் தீ: முதல் 4 நிமிடங்கள் ஏன் முக்கியம்?

மும்பை: ஆண்டாப் ஹில், வடாலா பகுதி மக்கள் தென்மும்பைக்குச் செல்லப் பயன்படுத்தும் ஈஸ்டர்ன் ஃப்ரீவே, ஆரஞ்சு கேட் அருகே முடிவடைகிறது. அங்கிருந்து மெரைன் டிரைவ் வரை இரட்டைச் சுரங்கச் சாலை அமைக்கும் பணியை மும்பை பெருநகர வட்டார மேம்பாட்டு ஆணையம் மேற்கொண்டுள்ளது. நகருக்கு அடியில் செல்லும் இத்தகைய பாதையில் வாகனம் தீப்பற்றினால் அதைக் கட்டுப்படுத்துவது எப்படி என்ற கேள்விக்கு, வெளிநாடுகளில் நடத்தப்பட்ட சோதனைகள் விடையளிக்கின்றன.

திறந்த சாலையில் புகையும் வெப்பமும் மேலே கலைந்துவிடும். சுரங்கத்தில் அவை கூரையின் கீழ் தேங்கி, அடுத்தடுத்த வாகனங்களுக்கும் தீயைப் பரப்பும். 1999 மார்ச் 24-ஆம் தேதி பிரான்ஸ்–இத்தாலி இடையிலான மோன் பிளாங்க் சுரங்கத்தில் தீப்பற்றிய லாரி, மாவும் மார்கரினும் ஏற்றி வந்தது. அந்த விபத்தில் 39 பேர் உயிரிழந்தனர்.

2003-ஆம் ஆண்டு நார்வேயின் கைவிடப்பட்ட ரூனஹாமர் சுரங்கத்தில், லாரிச் சுமைக்கு நிகரான மரத்தட்டுகள், பிளாஸ்டிக், மரச்சாமான்கள் ஆகியவை எரித்துச் சோதிக்கப்பட்டன. தீயின் உச்ச அளவு 200 மெகாவாட்டைத் தொட்டது. வெப்பம் 1,350 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. சாதாரணச் சரக்கும் பேராபத்தை விளைவிக்கும் என்பது அதில் உறுதியானது.

அடுத்த கேள்வி, கூரையில் பொருத்தப்படும் நீர்த்தெளிப்பு அமைப்பு இதைத் தடுக்குமா என்பதாகும். சிங்கப்பூர் தரைப் போக்குவரத்து ஆணையத்துக்காக ஸ்பெயினில் உள்ள சோதனைச் சுரங்கத்தில் இது ஆராயப்பட்டது. தண்ணீர் தெளிக்கப்படாதபோது தீ சுமார் 150 மெகாவாட் வரை வளர்ந்தது. 4 நிமிடங்களில் தெளிப்பு தொடங்கியபோது சுமார் 40 மெகாவாட்டுக்குள் அடங்கியது. 8 நிமிடங்கள் தாமதித்தபோது ஏறத்தாழ 100 மெகாவாட்டை எட்டியது.

லாரியின் மேற்கூரை தண்ணீரைத் தடுப்பதால், உள்ளே எரியும் தீ முழுமையாக அணைவதில்லை. அதன் வளர்ச்சியைத் தடுத்து, பயணிகள் வெளியேறவும் தீயணைப்பு வீரர்கள் நெருங்கவும் அவகாசம் தருவதே இவ்வமைப்பின் பணி. எனவே குழாய்களையும் நீரழுத்தத்தையும் மட்டும் பரிசோதித்தால் போதாது. தீயைக் கண்டறியும் கருவி, கட்டுப்பாட்டு அறை ஊழியரின் முடிவு, காற்றோட்ட விசிறிகள் ஆகிய அனைத்தும் உரிய நேரத்தில் ஒன்றிணைந்து இயங்குகின்றனவா என்பதையும் சோதிக்க வேண்டும்.

பயணிகளுக்கும் இதில் பங்குண்டு. சுரங்கத்தில் புகை தென்பட்டால் வாகனத்தைத் திருப்ப முயலாமல், எஞ்சினை நிறுத்தி, சாவியை வாகனத்திலேயே விட்டுவிட்டு, அருகிலுள்ள அவசர வழி மூலம் உடனே வெளியேறுவதே பாதுகாப்பானது.